கால்நடையாகப் போகிறவர்கள்: பேரூராட்சி, சாலை, அதிகாரம்

தமிழில் 'கால்நடை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள். ஆடுமாடு ஒன்று. கால்நடையாகப் போவது மற்றொன்று. முதல் அர்த்தத்துக்கு அரசில் ஒரு துறை இருக்கிறது, அமைச்சர் இருக்கிறார், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தனிக் கணக்கெடுப்பும் நடக்கிறது. இரண்டாவது அர்த்தத்துக்கு எதுவுமில்லை. நடந்து போகிற மனிதர் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பதில் வராது. நெடுஞ்சாலைத் துறைக்கு அவர் சாலையின் ஓரம். போக்குவரத்துத் துறைக்கு அவர் இன்னும் பஸ் ஏறாத ஆள். காவல்துறைக்குக் குறுக்கே வருகிறவர். பேரூராட்சிக்கு வரி கட்டியவர், அல்லது கட்டாதவர். 'பாதசாரி' என்று ஒரு பெயர் உண்டு. அது அறிவிப்புப் பலகையிலும் விபத்துச் செய்தியிலும் மட்டும் வாழ்கிற சொல். 'நான் ஒரு பாதசாரி' என்று தன்னைப் பற்றிச் சொன்ன ஒருவரை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

நடப்பதையும் சைக்கிள் ஓட்டுவதையும் பஸ்ஸில் போவதையும் உள்ளாட்சிகள் 'ஊக்குவிக்க' வேண்டும் என்ற சொல்லாடல் இந்தியாவில் பரவிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகர்த்த வேண்டியது வாகனங்களை அல்ல மனிதர்களை என்று அறிவித்தது. 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு படி மேலே போய், நடைக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கையே நிறைவேற்றியது. போக்குவரத்துக்கான தன் நிதியில் 60 சதவீதம் இவற்றுக்குப் போகவேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கட்டுரை சென்னையைப் பற்றியது அல்ல. தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டி மாதிரி ஒரு பேரூராட்சியில் இதே சொற்கள் என்ன அர்த்தம் பெறுகின்றன, அல்லது அர்த்தம் இழக்கின்றன என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறவரை எப்படி 'ஊக்குவிப்பது'?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாரப்பட்டி வேறு, அதே மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வேறு, தலித் ஒருவர் தலைவராக வந்துவிடக்கூடாது என்று 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தேர்தலையே நடக்கவிடாத மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி வேறு. செய்தித்தாள்காரர்களே குழப்பிக்கொள்கிறார்கள். நாம் பேசும் ஊர் பென்னாகரம் வட்டத்தில், தருமபுரிக்கு மேற்கே பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் இருப்பது. பெயரிலேயே சாதி இருக்கிறது. அந்தப் பெயரை ஒட்டி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். திட்டக்காரர்கள் நடைக்கும் சைக்கிளுக்கும் வைத்திருக்கும் பெயர் 'மோட்டார் அல்லாத போக்குவரத்து'. இல்லாத ஒன்றை வைத்துப் பெயரிடுவது, மோட்டாரை மையமாக வைத்து மற்றதை விளிம்புக்குத் தள்ளுகிற வேலை. 'அல்லாதார்' என்ற பெயரையே ஓர் அரசியலாக மாற்றிக்காட்டியது தமிழ்நாடு. மோட்டார் அல்லாதாருக்கு அப்படியோர் அரசியல் இன்னும் வாய்க்கவில்லை.

ரயிலில் ஏற்றாத மனிதர்

பாப்பாரப்பட்டி என்றால் பலருக்கும் நினைவு வருவது சுப்பிரமணிய சிவா. 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908-இல் வ.உ.சி.யோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். 1912-இல் விடுதலையானபோது தொழுநோயோடு வெளியே வந்தார். கடைசிக் காலத்தில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்து 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று அதே ஊரில் இறந்தார். வயது நாற்பதுதான். கோயில், தேசம், பக்தி ஆகியவற்றை வைத்து அவரைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. எனக்கு இங்கே தேவைப்படுவது வேறொரு செய்தி. தொழுநோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறுவதை அரசு தடுத்தது. அவர் ஊர் ஊராக நடந்தும் கட்டைவண்டியிலும் போய்ப் பேசினார்.

நம்முடைய தேசபக்திக் கதையாடல் இந்த நடையைத் தியாகமாக்கிவிடுகிறது. உடம்பெல்லாம் புண்ணோடு நடந்தார் என்று சொல்லிக் கண்கலங்க வைக்கிறது. அதில் மறைந்துபோவது என்ன? அவர் நடக்க விரும்பி நடக்கவில்லை. ஏற்ற மறுத்ததால் நடந்தார். தொற்றுநோயாளியை வண்டியில் ஏற்ற மறுக்கும் அதிகாரத்தை 1890-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் நிர்வாகத்துக்குத் தந்திருந்தது. அப்போது தருமபுரிக்கே மொரப்பூரிலிருந்து ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது (இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதைப் பெயர்த்துவிட்டார்கள்). அரசாங்கம் ஒரு மனிதரின் பேச்சை நிறுத்தச் சிறையைப் பயன்படுத்தியது. பிறகு டிக்கெட்டைப் பயன்படுத்தியது. இரண்டுமே உடம்பின் மீதான அதிகாரம்தான். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆக, நடப்பதில் இரண்டு வகை உண்டு. விரும்பி நடப்பது. வேறு வழியில்லாமல் நடப்பது. பெருநகரத்துத் திட்டப் பிரதிகள் முதல் வகையைப் பற்றி மட்டுமே பேசுகின்றன: காரை வீட்டில் வைத்துவிட்டு நடந்து வாருங்கள், உடம்புக்கு நல்லது, காற்றுக்கு நல்லது. இரண்டாவது வகையிடம் போய் இப்படிப் பேசினால் சிரிப்பார்கள். விடிகாலையில் காட்டு வேலைக்குப் போகிற பெண்ணிடம் 'நடங்கம்மா, நல்லது' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவருக்குத் தேவை ஊக்கம் அல்ல. தூரம் குறையவேண்டும், நிழல் வேண்டும், இருட்டில் பயமில்லாமல் திரும்பவேண்டும், முடிந்தால் ஒரு பஸ் வேண்டும்.

எண்ணப்படாத கால்கள்

இந்தியாவில் மக்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்ற கேள்விக்கு நாடு தழுவிய விடையை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தந்தது. நடந்து போகிறவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல். சைக்கிளில் போகிறவர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். இந்த எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அட்டவணையின் தலைப்பைப் படித்தால் ஒரு விஷயம் தெரியவரும். அது 'இதர தொழிலாளர்'களுக்கான அட்டவணை. சொந்த நிலத்தில் பயிரிடுகிறவர், விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்கிறவர் ஆகிய மூவரும் அதில் இல்லை. அதாவது, இந்த நாட்டில் அதிகம் நடக்கிறவர்கள் யாரோ அவர்களை விலக்கிவிட்டு எடுத்த கணக்கில்தான் ஐந்தில் ஒருவர் நடக்கிறார்.

கூலிக்காரர் காட்டுக்குப் போவது பயணம் இல்லையா? அதிகாரியின் பார்வையில் இல்லை. அவர் நிலத்தோடு ஒட்டியவர், நிலத்திலேயே இருக்கிறார், போவதும் வருவதும் அவருக்குக் கிடையாது. மா, தக்காளி, புளி, பூ என்று விளைகிற ஒரு வட்டாரத்தில் இந்த விலக்கலுக்குப் பிறகு மிஞ்சுவது யார்? கடைக்காரர், வாத்தியார், அலுவலகப் பணியாளர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை, அது 'வேலை' அல்ல என்பதால். ரேஷன் கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், தண்ணீருக்கும் விறகுக்கும் நடப்பதும் இல்லை. இவற்றையெல்லாம் யார் நடக்கிறார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் தெ செர்த்தோ, நகரத்தில் நடப்பது பற்றி எழுதிய புகழ்பெற்ற பகுதியை நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 110-ஆவது மாடியிலிருந்து தொடங்குகிறார். மேலிருந்து பார்க்கிறவனுக்கு நகரம் ஒரு பிரதியாக, படிக்கத்தக்கதாகத் தெரிகிறது. கீழே நடக்கிறவர்களோ தம் காலடிகளால் எழுதிக்கொண்டே போகிறார்கள். எழுதியதைப் படிக்க அவர்களால் முடிவதில்லை. மேலிருந்து பார்ப்பது அதிகாரம், கீழே நடப்பது அதற்கு வசப்படாத தந்திரம் என்கிறார். அழகான வாதம். நம் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு மிகவும் பிடித்ததும்கூட. பாப்பாரப்பட்டியில் அது பாதிதான் பொருந்துகிறது. இங்கே மேலிருந்து பார்க்க மாடியும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை. அதிகாரத்தின் கண்ணிலிருந்து தப்பிப்பது பெரிய விடுதலை என்று பாரிஸில் இருந்துகொண்டு சொல்லலாம். எண்ணப்படாததால் பஸ் வராத ஊரில், வரைபடத்தில் இல்லாததால் விளக்கு எரியாத தெருவில், கண்ணில் படாமல் இருப்பது விடுதலை இல்லை. எண்ணுவதும் அதிகாரத்தின் கருவிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் எண்ணுகிறார்கள், எதற்கு எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

சாலை யாருடையது

இப்போது பேரூராட்சிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேரூராட்சி என்பது ஒரு விசித்திரப் பிராணி. கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. 2004-இல் அரசாங்கம் ஒரே உத்தரவில் பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சிகள்' ஆக்கியது. ஆட்சி மாறி 2006-இல் மீண்டும் பேரூராட்சிகள் ஆக்கியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கிராமத்தார் ஆனார்கள், பிறகு நகரத்தார் ஆனார்கள். இதெல்லாம் வெறும் பெயர் விவகாரம் என்று நினைக்கவேண்டாம். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமத்துக்கானது. பேரூராட்சிக்காரர்கள் வெளியே நின்றார்கள். கிராமசபையும் அங்கே கிடையாது.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பதினெட்டு இனங்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் அடுக்குகிறது. நகரத் திட்டமிடல் இருக்கிறது, சாலைகளும் பாலங்களும் இருக்கின்றன. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் ஆகியவை பொதுவசதிகள் என்ற தலைப்பில் வருகின்றன. வண்டி நிற்பதற்கு இடம் பேர்சொல்லி இருக்கிறது. பஸ் நிற்பதற்கும் இருக்கிறது. ஆள் நடப்பது பேர்சொல்லி எங்கும் இல்லை. சரி, 'சாலைகள்' என்பதில் அடங்கும் என்று வாதாடலாம். அந்தச் சாலைகள் யாருடையவை?

இங்கேதான் சிக்கல். நம் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் கடைவீதி என்பதே ஒரு நெடுஞ்சாலையின் துண்டு. வெளியூரிலிருந்து வந்து ஊரின் நடுவே நுழைந்து அடுத்த ஊருக்குப் போகிற அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், சந்தை, வங்கி எல்லாம் அதன் மேல்தான். ஆக, எங்கே ஆட்கள் அதிகம் நடக்கிறார்களோ அந்த இடம் மன்றத்துக்குச் சொந்தமில்லை. மன்றத்துக்குச் சொந்தமானவை உள்தெருக்கள். அங்கே அது பேவர் பிளாக் பதிக்கிறது, சாக்கடை கட்டுகிறது. பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது. வேகத்தடை போட நெடுஞ்சாலைத் துறையைக் கேட்கவேண்டும், போக்குவரத்தை மாற்றக் காவல்துறையைக் கேட்கவேண்டும், கம்பம் நட மின்வாரியத்தைக் கேட்கவேண்டும். வார்டு உறுப்பினரைப் பார்த்து 'ரோட்டோரம் நடக்க வழியில்லியே' என்று சொன்னால், 'அது ஹைவேஸ்ங்க' என்பார். அவர் சொல்வது பொய் இல்லை.

இதில் அந்த மன்றமே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. 490 பேரூராட்சிகள் அந்தத் தேர்தலைச் சந்தித்தன. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 'உள்ளாட்சித் திட்டமிடல்' என்று பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சைக்கிளைப் பொறுத்தவரை உள்ளாட்சிக்கு ஒரு காலத்தில் நேரடி உறவு இருந்தது. வரி. வண்டிகள், விலங்குகள் மீதான வரி என்று 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலேயே இடமிருந்தது. வருடத்துக்கு ஒரு தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்டவேண்டும். இல்லையென்றால் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். 'டபுள்ஸ்' போனால், ராத்திரியில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ். வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சைக்கிளை அரசு நன்றாகவே பார்த்தது, அதை ஒழுங்குபடுத்தத் தேவைப்பட்ட மட்டும். இன்றும் அந்தப் பார்வை மாறிவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தம், பாதசாரிகளையும் மோட்டார் இல்லாத வண்டிகளையும் பற்றி விதிகள் செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. எதற்கான விதிகள்? பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் அவர்களது நடவடிக்கைகளையும் நுழைவையும் 'ஒழுங்குபடுத்த'. சட்டத்தின் மொழியில் நடக்கிறவர் கடைசியாக எழுந்து வருகிறார், வரும்போதே ஒழுங்குபடுத்த வேண்டியவராக.

நீதிமன்றங்களின் மொழி வேறு மாதிரி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் அதே நீதிமன்றம், பிழைப்பும் அதே 21-ஆம் பிரிவில் அடக்கம் என்று சொல்லிவிட்டு, நடைபாதை நடக்கிறவர்களுக்கானது என்று வெளியேற்றத்துக்கும் வழிவிட்டது. நடக்கிறவரின் உரிமை என்ற பேச்சு நம் ஊர்களில் எதில் போய் முடியும் என்பதை யோசிக்கவேண்டும். பெரும்பாலும் பூக்காரம்மாவின் கூடையை எடுத்து வண்டியில் போடுவதில். கடைக்காரர் நீட்டியிருக்கும் தகரக் கூரையை யாரும் தொடமாட்டார்கள், அவருக்கு ஓட்டும் உண்டு, ஆளும் உண்டு. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட சென்னைப் பாண்டி பஜார் நடைவளாகத்தைப் பார்த்துவிட்டு வந்து 'நம்ம ஊரிலும்' என்று கனவு காண்கிறவர்கள், அந்தத் தெருவில் இருந்த நடைபாதை வியாபாரிகள் எப்போது, எப்படி அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்பதையும் விசாரித்துவிட்டு வரட்டும். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. நிழலும் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் தருகிறவர்கள் அவர்கள்தான்; ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக நடக்கிற பெண்ணைக் கேட்டால், கூட்டித் துடைத்த வெற்று நடைபாதையைவிட ஒரு பணியாரக் கடை மேல் என்பார்.

இல்லிச்சும் புதுக்கோட்டையும்

இவான் இல்லிச் 1970களில் எழுதிய 'ஆற்றலும் சமத்துவமும்' என்ற சிறுநூலில் ஒரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கன் தன் காருக்காக வருடத்தில் 1,600 மணிநேரம் செலவிடுகிறான். ஓட்டுவது மட்டுமல்ல, தவணை கட்ட, பெட்ரோல் போட, இன்சூரன்ஸ் கட்ட, அபராதம் கட்ட உழைக்கும் நேரமும் சேர்த்து. போகிற தூரம் 7,500 மைல். மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சைக்கிளோ, நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலில் தருகிறது.

இதே கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். நாள் கூலி அறுநூறு ரூபாய் வாங்கும் கொத்தனார் ஒருவர் தவணையில் பைக் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை மாதம் மூவாயிரம், பெட்ரோல் தினம் ஒரு லிட்டர் என்றால் இன்னொரு மூவாயிரம். ஆக, மாதத்தில் பத்து நாள் பைக்குக்காக வேலை செய்கிறார். அந்த பைக் எதற்கு? வேலைக்குப் போக. இல்லிச் சிரித்திருப்பார்.

ஆனால் இல்லிச்சோடு நிறுத்திக்கொண்டால் நாமும் ஒரு வகை உபதேசிகள்தான். அவருடைய கணக்கில் சாதி இல்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று தலித்துகளுக்கு விதித்திருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. அங்கெல்லாம் நடை என்பது 'இயற்கையோடு இயைந்த' ஒன்றாக இருக்கவில்லை. அடையாளம் காட்டச் சொல்லும் தண்டனையாக இருந்தது. அந்தத் தெருவில் ஒரு இளைஞன் பைக்கை முறுக்கிக்கொண்டு போவதில் மணிக்கு எத்தனை மைல் என்பது மட்டும் கணக்கு இல்லை. சூழலியல் பேசுகிறவர்கள் இதைப் பார்க்க மறுத்தால், 'பழையபடி நடங்கள்' என்று சொல்பவர்களோடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

சைக்கிள் இதே பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து தொட்ட ஒரு நிகழ்வு நம்மிடம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். 1992-இல் பெண்கள் தினத்தன்று 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவில் தம் ஓட்டும் திறமையைக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிக்காரர்கள். கேலி இருந்தது, ஆபாசப் பேச்சு இருந்தது. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதைத்தான் விரும்பவும் செய்தார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா. பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து போன நேரம் திரும்பக் கிடைத்தது. தண்ணீர்க் குடம், குழந்தை, சந்தைக்குப் போகும் விளைபொருள் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பன், அண்ணன், புருஷன் துணையில்லாமல் போனார்கள்.

இதைப் 'பசுமைப் போக்குவரத்து' என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. யாரும் யாரையும் காரிலிருந்து இறக்கவில்லை. நடையின் கட்டாயத்திலிருந்து ஒரு படி ஏறினார்கள், அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1991-இலிருந்து 1996 வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களே இல்லை. புதுக்கோட்டையில் நடந்தது ஓர் ஆட்சியரும் ஓர் இயக்கமும் சேர்ந்து செய்தது. 1996 அக்டோபரில் மன்றங்கள் வந்தபோது, மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்களும் வந்தபோது, அலை ஓய்ந்திருந்தது. அந்த இயக்கமும் மன்றமும் காலத்தால் சந்தித்துக்கொள்ளவே இல்லை. சந்தித்திருந்தால் சைக்கிள் பஞ்சாயத்து விவகாரமாக ஆகியிருக்குமோ என்னவோ.

பிறகு சைக்கிள் வேறு வழியாக வந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விரிந்தது. 2006-இல் பீகாரும் மாணவிகளுக்கு இதைத் தொடங்கியது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடினார்கள் என்றும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில்தான் இந்தப் பலன் அதிகம் என்றும் பொருளியல் ஆய்வு சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக இருந்த தருமபுரிக்கு இதன் அர்த்தம் சாதாரணமானதல்ல. ஆனால் சைக்கிள் கொடுத்தார்கள், ஓட்டச் சாலை கொடுத்தார்களா? தாரின் மேல் தாராகப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. ஓரத்தில் மண் அரை அடி இறங்கிக் கிடக்கிறது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் பிள்ளை இறங்கவேண்டிய இடம் அந்தப் பள்ளம்தான். சைக்கிள் ஒரு துறை, சாலை ஒரு துறை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நம் மாவட்டத்தில் விபத்து என்றால் எல்லோரும் தொப்பூர்க் கணவாயைத்தான் பேசுவார்கள். கடைவீதியில் ஒருவர் ஒருவராக விழுகிறவர்களுக்குப் பெயர் பெற்ற கணவாய் எதுவுமில்லை.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லவேண்டும். தருமபுரிப் பக்கம் ஒரு காலத்தில் அரசு பஸ் என்றால் 'அன்னை சத்யா'. 1997-இல் சாதிக் கலவரங்களை ஒட்டிப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்கள் எல்லாம் அழிக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போயிற்று. பஸ்ஸின் பக்கவாட்டில் இருக்கும் பெயருக்காக ரத்தம் சிந்திய மாநிலம் இது. அது எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதற்காக அவ்வளவு மறியல் நடந்ததில்லை. அதே 1997-இல் பஸ் போகாத ஊர்களுக்கு மினிபஸ் வந்தது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாதம் எண்ணூறு ரூபாய்க்கு மேல் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு மதிப்பிட்டது. இந்தக் கட்டுரை பேசுகிற விஷயத்தில் தமிழ்நாடு செய்த பெரிய காரியம் என் கணக்கில் இதுதான், எந்த நடைவளாகமும் அல்ல. பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் இரண்டு முனையிலும் நடக்கிறவர். டிக்கெட் இலவசமானால் நடக்கிறவர் எண்ணிக்கை நிறுத்தத்தில் கூடும். நிறுத்தம் எங்கே இருக்கிறது, நிழல் இருக்கிறதா, காலனிக்காரர் அங்கே வர எந்தத் தெரு வழியாக வரவேண்டும் என்பது பேரூராட்சி விவகாரம். பன்னிரண்டாவது அட்டவணையில் பஸ் நிறுத்தம் பேர்சொல்லி இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

அப்படியானால் பாப்பாரப்பட்டி மாதிரி ஒரு மன்றம் என்னதான் செய்யமுடியும்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடியது சில இருக்கிறது. நம் ஊர்களில் நடைபாதை என்று தனியாக எதுவுமில்லை. சாக்கடைமேல் போட்ட சிலாப்தான் நடைபாதை. தரமாகப் போட்ட, ஆடாத, இடையில் வாய் பிளக்காத சிலாப் போடுவது பேரூராட்சியின் வேலை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. நம் சாக்கடை அவ்வளவு அகலம் இருக்காது, இருந்தாலும் தொடங்க அது போதும். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு பேரூராட்சியுடையது. பல ஊர்களில் கடைசி விளக்கு ஊர்த்தெருவோடு முடிந்துவிடுகிறது. காலனிக்குப் போகிற அந்த நூறு இருநூறு மீட்டர் இருட்டு தற்செயலானது என்று நான் நம்பவில்லை. நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமான துண்டுக்கு, பள்ளி எதிரே என்ன வேண்டும், ஓரத்து மண்ணை எவ்வளவு உயர்த்தவேண்டும் என்று இடம் குறித்துத் தீர்மானம் போட்டு அனுப்பலாம். 'அது ஹைவேஸ்ங்க' என்று சொல்வது வேறு, ஹைவேஸுக்கு எழுதி, எழுதியதை நகல் எடுத்துப் பலகையில் ஒட்டுவது வேறு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கணக்கு வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விட்ட ஆட்களை மன்றம் எண்ணலாம். ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு வழியிலும் மகளிர் குழுக்காரர் இரண்டு பேர், ஒரு நோட்டுப் புத்தகம், சாதாரண நாள் ஒன்று, சந்தை நாள் ஒன்று. நடந்து வந்தவர், சைக்கிளில் வந்தவர், பஸ் இறங்கியவர். ஆண், பெண், பிள்ளை. தலையில் சுமை உண்டா இல்லையா. அலுவலக நேரப்படி ஒன்பதரைக்குத் தொடங்கினால் பிரயோசனமில்லை. அதற்குள் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் போய்ச் சேர்ந்து ஒரு வரிசை களையும் எடுத்து முடித்திருப்பார்கள். ஐந்து மணிக்கே ஆள் நிறுத்தவேண்டும்.